கம்பி வாசல்வரை!

காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். ஊர் நடுவே நம் தோழர்கள் நடத்திவரும் படிப்பகம். கீற்றுக் கொட்டகையாய் இருந்த நாள்முதல் உழவரும் நெசவாளரும் மாணவரும் அங்கே கூடி நாளேடு படிப்பது வழக்கம். அந்தப் படிப்பகத்துக்கு அண்மையில் கணினி ஒன்று வந்து சேர்ந்தது. புதியதன்று, நகரத்து அலுவலகம் ஒன்று கழித்துவிட்டது. பழுதுபட்டதாலா கழித்தார்கள்? இல்லை! விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பாதுகாப்புக்கென டி.பி.எம். 2.0 வேண்டும் என்று விதி வகுத்து, பழைய கணினிகள் பலவற்றை வாசலிலேயே தடுத்துவிட்டது. ஓடுகின்ற குதிரை, உழைக்கின்ற குதிரை. ஆனால் லாடம் பழையதாம்! ஆகவே ஆகாதாம்!

நம் இளந்தோழர்கள் சளைத்தவர்களா? அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினர். திரையில் தமிழ் மலர்ந்தது. இனி இணைய இணைப்பு மட்டுமே வேண்டும் என்று ஒரு நிறுவனத்தை அழைத்தனர். வந்தவர் திரையைப் பார்த்தார், தலையை அசைத்தார். “லினக்சா? எங்கள் இணைப்பு இதில் வேலை செய்யாது. விண்டோஸ் போட்டு வையுங்கள், நாளை வருகிறேன்” என்று கூறிவிட்டுப் போய்விட்டார்.

தோழர்கள் திகைத்தனர். திரட்டிய நன்கொடையில் விண்டோஸ் வாங்கிவிடலாமா என்றார் ஒருவர். காசு கொடுக்காமல் களவுப்படி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்றார் மற்றொருவர். முடிவு காணாமல் நமக்கு மடல் எழுதினர். ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்டுரையில் கம்பிக்கும் கணினிக்கும் என்ன வேலை என்று எண்ணற்க. அந்த ஊழியர் சொன்ன ஒரு சொல்லுக்குள் ஓர் ஆதிக்கமே ஒளிந்திருக்கிறது!

இணையத்தின் பேச்சுமொழி எது? டி.சி.பி./ஐ.பி. எனும் நெறிமுறை. விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் எனும் இருவர் வகுத்தது. அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பு முழுவதும் இம்மொழிக்கு மாறியது 1983 சனவரி 1ஆம் நாள். விண்டோசின் முதற்பதிப்பு வெளிவந்ததோ 1985 நவம்பரில்! விண்டோஸ் பிறப்பதற்கு முன்பே வழக்கில் இருந்த மொழி, விண்டோஸ் இல்லாவிட்டால் பேச வராது என்றால், இதைவிட வேடிக்கை வேறுண்டோ?

வேடிக்கை இதோடு முடியவில்லை. வீடுகளின் சுவரில் நிறுவனங்கள் மாட்டுகின்றனவே ரவுட்டர் என்னும் பெட்டி, அவற்றுள் மிகப் பலவற்றின் உள்ளே இயங்குவது எது? லினக்ஸ்! இணைப்புக் கொடுக்க வருவோரின் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவாக இருப்பது எது? லினக்ஸ்! 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைக்க, 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் துணைநிற்க, உலகெங்கும் உள்ளோர் கூடி வளர்த்த பொதுச்சொத்து அது. அதைத் தம் பெட்டிக்குள் வைத்து விற்பவர்கள், நம் மேசைமீது அது இருந்தால் மட்டும் ஆகாது என்கிறார்கள்!

வந்த ஊழியரை நாம் குறை கூறவில்லை. நாளுக்கு இத்தனை இணைப்பு என்ற கெடுபிடியில், ஒப்பந்தக் கூலியாய் வெயிலில் அலைபவர் அவர். சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். சொல்லிக் கொடுத்தவர்களோடுதான் நமது வழக்கு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். லினக்ஸ் வைத்திருந்தோர் இணைப்புக்காக அல்லற்பட்ட காலம் உண்மையிலேயே உண்டு. 1990களின் இறுதியில் வந்த மலிவு மோடம்கள் பல, தம் வேலையைத் தாமே செய்யாமல் விண்டோசின் தலையில் சுமத்தின. ‘வின்மோடம்’ என்றே அவற்றுக்குப் பெயர். பின்னர் யு.எஸ்.பி. டாங்கிள்கள் வந்தன. செருகியதும், தம்மை மோடம் என்று காட்டிக்கொள்ளாமல், விண்டோஸ் மென்பொருள் அடங்கிய குறுவட்டு போலக் காட்டிக்கொள்ளும்! அந்த வேடத்தைக் கலைக்கவே ‘யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்’ என்றொரு கருவியைக் கட்டற்ற மென்பொருளார் ஆக்க நேர்ந்தது. அந்நாளில் பட்ட சூட்டின் தழும்பைக் காட்டியே இந்நாளிலும் அச்சுறுத்துகிறார்கள்.

இன்றைய நிலை வேறு. கண்ணாடி இழை வீட்டுக்குள் வந்து ஒரு பெட்டியில் முடிகிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்தப் பெட்டிக்குள்ளேயே பதியப்படுகின்றன. அதிலிருந்து ஈதர்நெட் கம்பியோ வைஃபையோ கணினிக்கு வருகிறது. கம்பியைச் செருகினால் போதும்; பெட்டியே கணினிக்கு முகவரி வழங்கும். கணினியில் ஓடுவது விண்டோசா, லினக்சா என்று பெட்டி கேட்பதில்லை. கேட்க அதற்குத் தேவையும் இல்லை.

அஞ்சல்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து தரலாம். அதை எந்த மேசையில் வைத்துப் படிக்கவேண்டும், எந்தக் கண்ணாடி அணிந்து படிக்கவேண்டும் என்று ஆணையிட அவருக்கு உரிமை ஏது? மாநிலத்தின் அதிகாரத்தில் மத்தியம் கைவைக்கும்போது கொதித்தெழுகின்ற நாம், நம் வீட்டு மேசையில் ஒரு நிறுவனம் கைவைக்கும்போது மட்டும் கைகட்டி நிற்பதோ? கம்பி வாசல்வரை வரட்டும். அதற்கப்பால் ஆட்சி நம்முடையது.

ஆகவே நிறுவனத்தைத் தேர்வோர், “லினக்சுக்கு ஆதரவு உண்டா?” என்று கேட்கவே வேண்டாம். ‘இல்லை’ என்ற விடையை நாமே வலியச் சென்று வாங்குவதாகும் அது! “ஈதர்நெட் துளை உள்ள பெட்டி தருவீர்களா? இணைப்பை ஏற்படுத்த என் கணினியில் உங்கள் மென்பொருள் எதையேனும் நிறுவவேண்டுமா?” என்று கேளுங்கள். முன்னதற்கு ஆம், பின்னதற்கு வேண்டாம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. தங்கள் மென்பொருள் வழியாக மட்டுமே நுழையமுடியும் என்போரைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். உலாவியில் தோன்றும் பக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் இடச்சொன்னால் தடையில்லை. அது எல்லாக் கணினிக்கும் பொதுவானது.

பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். நம் வீட்டுப் பூட்டுக்கு அவர்களிடம் மட்டும் சாவி என்பது முறையன்று. சொந்த ரவுட்டரைப் பயன்படுத்த விடுவார்களா என்பதும் இதையொட்டியதே.

மாத அளவு தீர்ந்தபின் வேகம் எவ்வளவு குறையும்? இது வெறும் காசுக் கணக்கு அன்று. உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு ஒன்றை முழுதாய் இறக்குவதற்கே 5 ஜி.பி.க்கு மேல் ஆகலாம். நிறுவியபின் புதுப்பிப்புகளும் வந்தவண்ணம் இருக்கும். படிப்பகம் தன் நூற்பட்டியலைத் தன் கணினியிலிருந்தே வெளியூரார்க்கு வழங்க விரும்பினால், தனி முகவரி கிடைக்குமா என்றும் கேட்கவேண்டும். முகவரித் தட்டுப்பாட்டால், பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குள் அடைத்துவைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அவ்வாறு அடைபட்டால் நாம் வெளியே போகலாம். பிறர் நம்மிடம் நேரே வர இயலாது. ஐ.பி.வி.6 எனும் புதிய முகவரிமுறை இருந்தால் ஓரளவு விடிவு உண்டு.

இவை தனியார் கடையில் கேட்கவேண்டிய கேள்விகள். அரசிடமும் கேட்கவேண்டியது உண்டு. செல்வாக்குள்ள தளங்களை மட்டும் இலவசமாய்க் காட்ட முற்பட்ட ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ சூழ்ச்சியை, 2016 பிப்ரவரி 8ஆம் நாள் டிராய் வெளியிட்ட ஒழுங்குமுறை முறியடித்தது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதற்கேற்ப வேறுவேறு கட்டணம் கூடாது என்றது. வரவேற்றோம். ஆனால் அது பார்க்கும் பொருளைப் பற்றியது. பார்க்கும் கருவியைப் பற்றியதன்று. எந்த இயங்குதளம் வைத்திருப்பவருக்கும் இணைப்பை மறுக்கலாகாது என்று உரிமத்தில் ஒரு வரி எழுதினால் என்ன குடிமுழுகிப் போகும்?

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய மாநிலம், 2023 சூனில் ‘கே-ஃபோன்’ எனும் அரசு வலையமைப்பையும் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. கருவியும் பொது, கம்பியும் பொது! இங்கோ, 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. எத்தனை பள்ளிகளில் அதைத் திறந்து காட்டினார்கள் என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் நோக்கோடு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஊராட்சிவரை வந்த இழை படிப்பகத்துக்கும் வரவேண்டும் என்று ஊராட்சி மன்றத் தோழர்கள் தீர்மானம் கொண்டுவரலாமே!

மடல் எழுதிய தோழர்களுக்கு இவற்றைத்தான் விடையாக எழுதினோம். கேள்விகளைப் பழைய துண்டறிக்கையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு, வேறொரு நிறுவனத்தை அழைத்திருக்கிறார்கள். வந்தவர் பெட்டியை மாட்டினார், கம்பியைச் செருகினார், அடுத்த நொடியே நம் நாளேட்டின் முகப்பு திரையில் தோன்றிற்றாம். விண்டோஸ் வாங்க ஒதுக்கிய பணத்தில் படிப்பகத்துக்கு இரண்டு நாற்காலிகள் வாங்கிவிட்டதாக நேற்று மடல் வந்தது.