துடுப்பு இல்லாதவருக்கு என்ன நியாயம்?

நீதியும் சொத்துரிமையும் மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்தான், அதற்கு வெளியே நியாயம் என்று ஒன்றும் கிடையாது என்று அடித்துச் சொல்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். சாட்சிக்குத் தத்துவஞானி டேவிட் ஹ்யூமை அழைக்கிறார். ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்காமலே சேர்ந்து துடுப்புப் போடும் இருவரை 1740-இல் ஹ்யூம் காட்டியது உண்மை. அருமையான உவமை அது. ஆனால் படகில் இருவர் கையிலும் துடுப்பு இருக்கிறதே!

துடுப்பே இல்லாதவர்? 1751-இல் அதற்கும் ஹ்யூம் பதில் சொன்னார்: நம்மை எதிர்க்கவே முடியாத அளவுக்கு வலுவற்ற உயிர்கள் நம்மிடையே இருந்தால், அவர்களிடம் இரக்கம் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம், நீதி என்ற கட்டு அங்கே இல்லை, சொத்தும் அவர்களுக்கு இருக்க முடியாது. இந்தப் பக்கத்தைக் கட்டுரையாளர் ஏன் புரட்டவில்லை?

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருமுன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். ஆள் இருக்காது, ஆனாலும் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். வழக்கத்தின் வலிமை அது, மறுக்கவில்லை. அதே வரிசையில், புதிதாகக் குடிவந்த ஒரு பாட்டியின் பச்சைக் குடம் மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசிக்குப் போகும். அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் சம்மதம். வழக்கம் முழுதாக அவர்கள் பக்கம். ஆனாலும் அது அநியாயம் என்று எனக்குச் சுட்டது. பாட்டி கேட்டது இரக்கத்தை அல்ல, தன் முறையை.