கடல் நீரில் மட்டிக் குஞ்சுகளை இனங்காணுதல்

ஆடிப்பட்டம் தவறியவர் அடையும் நஷ்டத்தை நம் மிராசுதாரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கடலிற் பயிரிடுவோருக்கும் அத்தகைய பட்டம் ஒன்றுண்டு. ஆனால் அவர்களது விதையோ கண்ணுக்குப் புலப்படாமல் நீரில் மிதந்து திரிவது. அதனை அறிவதற்கு ஏற்பட்டுள்ள உபாயத்தையும், அதன் பயன் யாரைச் சேர வேண்டும் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கிலுள்ள கலீசியாவில், பாறைகளிற் கொத்தாக ஒட்டி வளரும் ஒருவகை மட்டியைத் தெப்பங்களிற் பயிராக்குகின்றனர். மலையாளக் கரையில் கல்லுமேக்காய் எனப்படுவது இதற்கு உறவான வகையே. அங்கே 3,000க்கு மேற்பட்ட தெப்பங்கள் உள்ளன. தெப்பம் ஒன்றில் 500 கயிறுகள் வரை தொங்கும். விதையைப் பாறைகளிலிருந்து சுரண்டி எடுப்பர். அன்றியும் வெறுங்கயிறுகளைக் கடலில் விட்டு, தாமாக வந்து ஒட்டும் குஞ்சுகளையும் சேகரிப்பர். கயிற்றை மிக முன்னதாக விட்டால் பாசியும் பிற பிராணிகளும் அதைப் பற்றிக்கொள்ளும். பிந்தினாலோ குஞ்சுகள் வேறிடம் சென்று ஒட்டிவிடும்.

ஒட்டும் பருவத்திலும் குஞ்சின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையக் கால் பாகமே. பிற சிப்பியினங்களின் குஞ்சுகளும் அதே தோற்றமுடையவை. நுண்ணோக்கியில் அவற்றைப் பிரித்தறிவது தேர்ந்த நிபுணருக்கும் அரிது.

கோமாரிக்கு ஊசி போட்ட மாட்டின் இரத்தத்தில் அந்நோய்க் கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அவ்வாறே மட்டிக் குஞ்சின் சத்தைச் சுண்டெலிக்குச் செலுத்தினால், அதனைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் அதன் உடலில் தோன்றும். அவற்றுள் ஒரே வகையைப் பிரித்து இடையறாது உண்டாக்கும் முறையை 1975ஆம் ஆண்டில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர் வெளியிட்டனர். அம்முறையைக் கையாண்டு, மட்டிக் குஞ்சை இனங்காட்டும் இரண்டு எதிர்ப்பொருள்களைக் கலீசிய ஆராய்ச்சியாளர் 2005ஆம் ஆண்டில் அறிவித்தனர். எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தைப் பிணைத்துக் கடல் நீர் மாதிரியிற் சேர்த்தால், தக்க விளக்கொளியில் மட்டிக் குஞ்சு மட்டும் ஒளிர்ந்து தோன்றும்.

இனி நுண்ணோக்கி நிபுணர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அது சரியன்று. எதிர்ப்பொருள் இன்ன இனம் என்று கூறுமேயன்றி, ஒட்டும் காலம் நெருங்கிற்றா என்று கூறாது. அதற்குக் குஞ்சின் அளவைப் பார்த்தல் வேண்டும். மேலும், மிதக்கும் குஞ்சுகளெல்லாம் கயிற்றைச் சேர்வதில்லை; மீன்களுக்கு இரையாவனவும் நீரோட்டத்தில் அகல்வனவும் பல.

எதிர்ப்பொருளைக் குளிர்ச்சியிற் பேண வேண்டும். கருவிகளுக்கும் பெரும்பொருள் செலவாகும். தனியொரு தெப்பக்காரரால் இது ஆகக்கூடியதன்று. ஆதலின் பொதுச்செலவில், பருவகாலத்தில் வாரந்தோறும் நீரெடுத்துச் சோதித்து, குஞ்சுகளின் தொகையையும் அளவையும் துறைதோறும் எளிய மொழியில் எழுதி ஒட்டுவதே முறை என்பது நமது அபிப்பிராயம். ஒரு மாதம் கழித்து அச்சாகும் நுட்பமான அறிக்கையைவிட, மறுநாளே கிடைக்கும் ஒருவரிச் செய்தி மேலானது. மண் பரிசோதனையாயினும் விதைப் பரிசோதனையாயினும், அதன் முடிவு விதைக்கும் நாளுக்கு முன் குடியானவர் கையிற் சேர்ந்ததா என்று கிராம அதிகாரிகள் முதலிற் கேட்பார்களாக.