உறைக்குள் உறங்கும் சில்லறை

உறையைப் பிரிக்கலாகாது என்பது நாணயம் சேகரிப்போரிடையே ஏறத்தாழ ஒரு சமயக் கட்டளை. அதை மீறுகிறவனுக்கு நரகம் இல்லைதான். ஆனால் சேகரிப்பாளர் சபையில் ஏளனப் பார்வை நிச்சயம். அமெரிக்க நாணயச் சாலை ஆண்டுதோறும் விற்றுவரும் புழங்காத நாணயத் தொகுப்புகளைப் பற்றியே பேசுகிறோம். அவற்றுள்ளும் 1970களின் பிற்பகுதி தொடங்கி 1990களின் இறுதி வரை வந்தவை: எல்லோரிடமும் இருப்பவை, எவரும் விலைகொடுத்து வாங்க விரும்பாதவை. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கத்தரிக்கோலை எடுங்கள்.

1984ஆம் ஆண்டுத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியா, டென்வர் ஆகிய இரு நாணயச் சாலைகளிலிருந்தும் ஒரு சென்ட், ஐந்து சென்ட், பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் என ஐந்தைந்து நாணயங்கள். முகமதிப்பு 1 டாலர் 82 சென்ட். நாணயச் சாலை விற்ற விலை 7 டாலர். அந்த 7 டாலரின் வாங்குதிறன் 2024இல் ஏறத்தாழ 21 டாலருக்கு நிகர். இன்று இத்தொகுப்பை எடுத்துக்கொண்டு ஒரு நாணயக் கடைக்குப் போகிறவர் அந்த ஏழு டாலரைத் திரும்பப் பெற்றாலே பேறு. நாற்பதாண்டுக் காலம் அலமாரியில் பாதுகாத்ததற்குக் கிடைத்த கூலி இதுதான்.

காரணம் எளிது. எல்லோரும் சேமித்ததற்கு ஒருபோதும் விலை ஏறாது. 1987இல் அரை டாலர் நாணயம் புழக்கத்துக்கென்று அச்சிடப்படவே இல்லை. சேகரிப்பாளர் தொகுப்புகளில் மட்டுமே கிடைத்தது. இதைக் கேட்டவுடன் அரிய பொருள் என்று தோன்றும். ஆனால் அவ்வாண்டு விற்ற தொகுப்புகள் ஏறத்தாழ 29 லட்சம். 1973இன் ஐசன்ஹோவர் டாலர் கதையும் இதுவே: புழக்கத்துக்கு வரவில்லை, ஆயினும் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளில் அடங்கியிருக்கிறது.

இதற்கு நேர்மாறானதைப் பாருங்கள். செலவுக் குறைப்பை முன்னிட்டு 1982, 1983 ஆகிய இரண்டாண்டுகளிலும் நாணயச் சாலை இத்தொகுப்புகளை வெளியிடவில்லை. அங்குள்ள கடைகளில் விற்ற நினைவுப்பொருள் தொகுப்புகள் சிறு அளவினவே. அந்த ஆண்டுகளின் கால் டாலர்கள் கோடிக்கணக்கில் அச்சாகி, கோடிக்கணக்கில் கைமாறி, தேய்ந்தன. எவரும் எடுத்துவைக்கவில்லை. இன்று தேயாத 1983 பிலடெல்பியா கால் டாலர் ஒன்றுக்குக் கிடைக்கும் விலை, 1984இன் பத்து நாணயங்களும் சேர்ந்த தொகுப்புக்குக் கிடைப்பதில்லை! பாதுகாப்பின் பெயரால் உறையைக் கும்பிடுகிறவர்கள் இந்த ஒரு முரணுக்கு விடை சொல்லட்டும்.

சொல்லவும் செய்கிறார்கள். ஒவ்வொரு தொகுப்பும் பிரிக்கப்படும்போது எஞ்சியவை அரிதாகின்றன, ஆகவே பிரிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். இதைவிட விந்தையான தர்க்கத்தை நாங்கள் கண்டதில்லை. எஞ்சியவை அரிதாக வேண்டுமென்றால் யாராவது பிரித்தாக வேண்டும். அந்த யாரோ தாங்களாக இருக்கக் கூடாது, அவ்வளவே.

இவை வரலாற்று ஆவணங்கள் என்று வேறு சிலர். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய நாணயச் சேகரம் இருக்கிறது. பத்து லட்சம் பிரதிகள் உள்ள ஆவணத்தை ஒவ்வொரு வீட்டின் நிலவறையிலும் காக்க வேண்டியதில்லை. பக்கங்கள் வெட்டப்படாத பழைய புத்தகத்துக்குக் கூடுதல் விலை தரும் நூல் வணிகர்களும் உண்டு. எவரும் வாசிக்கவில்லை என்பதற்கான சான்றிதழ் அது. எங்களைப் போன்றோருக்கு அந்த விலை என்றுமே புரிந்ததில்லை.

தரச்சான்று பெற்று விற்கலாமே என்பாரும் உளர். உச்சத் தரத்தில் ஒரு சாதாரண நாணயம்கூட நல்ல விலை போவது உண்மைதான். ஆனால் சான்றளிக்கும் கட்டணமே பெரும்பாலான நாணயங்களின் மதிப்பை விஞ்சும். வணிகர்கள் பல ஆண்டுகளாகத் துழாவி எடுத்த பிறகு எஞ்சியவையே பெரும்பாலும் நம் கைக்கு வருகின்றன.

எங்களுக்கு இதில் உறுத்துவது பணமன்று. தந்தை இறந்தபின் பிள்ளைகள் பெட்டியைத் திறக்கிறார்கள், முப்பது உறைகள். அவர் வாழ்நாளெல்லாம் இதுவே உங்கள் செல்வம் என்று சொல்லிவந்தவர். வணிகர் முகமதிப்புக்குச் சற்று மேலே ஒரு தொகை சொல்கிறார். பிள்ளைகள் வணிகரைத் திருடன் என்கிறார்கள், அல்லது தந்தையைப் பேதை என்கிறார்கள். இருவருமே அல்லர். தபாலிலும் தொலைக்காட்சியிலும் இவற்றை முதலீடு என்று சொல்லி விற்றவர்களே குற்றவாளிகள்.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டச் சொல்லவில்லை. 1959 முதல் 1964 வரையிலான தொகுப்புகளில் 90 விழுக்காடு வெள்ளி நாணயங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான வெள்ளி. அவை இந்தப் பேச்சுக்குள் வாரா. 1970இன் டென்வர் அரை டாலர் 40 விழுக்காடு வெள்ளி, தொகுப்பில் மட்டுமே வந்தது. 1996இல் வெஸ்ட் பாயின்ட்டில் அச்சான பத்து சென்ட்டும் அப்படியே. அவற்றை எடுத்துவையுங்கள். குழந்தை பிறந்த ஆண்டின் தொகுப்பையும் வையுங்கள். அது கணக்கில் சேராத பொருள். 1947 முதல் 1958 வரை அட்டையில் பொதிந்து வந்தவற்றையும் தொடாதீர்கள். அட்டையின் கந்தகம் நாணயத்தை நிறம் மாற்றியது. இன்று அந்த வானவில் நிறத்துக்கே சிலர் கூடுதல் பணம் தருகிறார்கள். காப்பாற்றத் தவறிய உறைதான் விலையைக் கூட்டியிருக்கிறது.

மற்றவை சில்லறை. அரை டாலரைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் கையில் ஒன்றைக் கொடுங்கள். எஞ்சியதைக் கடையில் செலவழியுங்கள். அது இன்றும் செல்லுபடியாகும் பணம்.

2025 நவம்பரில் புழக்கத்துக்கான ஒரு சென்ட் அச்சிடுவதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. இனிப் பழைய தொகுப்புகளின் விலை ஏறும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் வரும். ஜாடிகளிலும் மேசை இழுப்பறைகளிலுமாக அந்நாட்டில் இருக்கும் சென்ட் நாணயங்கள் மதிப்பீட்டின்படி சுமார் 30,000 கோடி. அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.