படகுக்கேற்ற விசிறி

மழை பொய்த்தால் கண்மாயும் வறண்டு கிடக்கும் எழுமலையிலிருந்து மோட்டார்ப் படகைப் பற்றி ஒரு கடிதம் வரும் என நாம் எதிர்பார்த்ததில்லை. எழுதியவர் ஒரு விவசாயி. மண்டபம் கரையில் வாழும் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, வீட்டு நகையை அடகு வைத்து, ஒரு பைபர் படகும் அதன் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கியுள்ளார். மோட்டார் புதியது. ஆயினும் எரிபொருள் அளவுக்கு மீறிச் செலவாகிறது. வலையும் ஆட்களும் ஏறிவிட்டால் படகு நகரவே தயங்குகிறது. பெரிய விசிறியாக மாற்றினால் வேகம் பிறக்கும் என்று யாரோ கூறினராம். மாற்றலாமா என்பது அவர் கேள்வி.

மாற்ற வேண்டாம் என்பதே நம் விடை. புரொப்பெல்லர் என்னும் சுழல் விசிறியைப் பற்றி நம்மில் பலருக்கு உள்ள தவறான எண்ணம், அது பெரிதானால் படகு விரையும் என்பது. கிணற்று மோட்டாரை அறிந்த விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. மூன்று குதிரைத் திறன் மோட்டாரில் ஐந்து குதிரைத் திறனுக்குரிய பம்பைப் பூட்டினால் தண்ணீர் கூடுதலாகவா வரும்? மோட்டார் திணறும், மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும், கடைசியில் காயில் எரிந்து புகையும். படகிலும் அதுவே நிகழ்கிறது. புகை மட்டும் உடனே தெரியாது.

விசிறியின் மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் பெரும்பாலும் விசிறியின் குறுக்களவு. மற்றொன்று பிட்ச் எனப்படுவது. மரத்துள் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு இறங்கும் என்கிறோம் அல்லவா? அதுபோல, நழுவாமல் சென்றால் ஒரு சுற்றில் விசிறி எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். ஆனால் நீர் மரமன்று. நழுவல் எப்போதும் உண்டு.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். மோட்டார் நிமிடத்துக்கு 5000 முறை சுழல்கிறது; உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் அதைப் பாதியாக்குகின்றன எனக் கொள்வோம். விசிறிக்கு 2500 சுற்று. பிட்ச் 8 அங்குலமானால் நழுவலற்ற வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 11 அங்குலமானால் 42 கிலோமீட்டர். வலை, பனிக்கட்டி, நான்கு ஆட்கள் என்று பாரம் ஏற்றிய படகு இவற்றில் முதல் வேகத்தையே எட்டாது. எட்ட இயலாத வேகத்துக்குரிய விசிறியைப் பூட்டுவது, குமுளி மலைப்பாதையில் பேருந்தை நான்காம் கியரில் ஏற்றுவது போன்றது. இயந்திரம் தன் சுழற்சிக்கு வரமுடியாமல் சூடேறும், கரி படியும், பிஸ்டன் இறுகும். அடகுச் சீட்டு மீளுமுன் மோட்டார் பழுதாகும்.

ஆகவே சோதனையைக் கடலில்தான் செய்ய வேண்டும். வழக்கமான பாரம் முழுவதையும் ஏற்றுங்கள். காலி படகில் பார்த்தால் கணக்குப் பொய்க்கும். அலையில்லா வேளையில் முழு விசையில் ஓட்டி, சுழற்சியை அளக்கும் கருவியில் எண்ணைக் காணுங்கள். நல்ல மெக்கானிக்கிடம் அக்கருவி இருக்கும். மோட்டாரோடு தந்த குறிப்பேட்டில் முழு விசைக்குரிய எல்லை அச்சிடப்பட்டிருக்கும். சிறு மோட்டார்கள் பலவற்றுக்கு அது 4500 முதல் 5500 வரை. உங்கள் கருவி 4400 காட்டினால் பிட்ச் மிகுதி என்று பொருள். ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி 150 முதல் 200 வரை கூடும். இரண்டு அங்குலம் குறைத்துப் பாருங்கள். எல்லைக்கு மேலே ஓடினால் பிட்ச்சைக் கூட்டவேண்டும். நம் அன்பருக்குத் தேவைப்படுவது, பெரும்பாலும் பிட்ச் குறைந்த விசிறியே. பார வேலைக்கு மூன்று இதழுக்குப் பதில் நான்கு இதழ் விசிறியும் உதவும்.

இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்தில், கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் மாற்றாக ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டிப் பழக்கிய பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் பியர் கில்லே, அம்முயற்சியின் இடர்களை 1985-இல் ஒரு நூலாகவே எழுதினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்கக்கடல் மீன்வளத் திட்டத்துக்காக, நார்வே நாட்டுப் படகு வல்லுநர் குல்பிரான்சென் 1986-இல் சிறு படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி எழுதினார். மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி, பாரப் படகுக்குச் சிக்கனமானது என்பது அவர் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. அப்படியானால் பெரிய விசிறி நல்லதுதானே என்று வாசகர் மடக்கலாம். அது மெதுவாகச் சுழலும்படி அமைந்த டீசல் இயந்திரத்துக்குப் பொருந்தும். விரைந்து சுழலும் அவுட்போர்டுக்கு அதன் பற்சக்கர அமைப்பு இடங்கொடாது. அவர் கூறிய மற்றொன்று எவருக்கும் ஏற்றது: விசையைச் சற்றே தளர்த்தி ஓட்டுங்கள். வேகம் சிறிதே குறையும். எரிபொருளோ நிரம்ப மிஞ்சும்.

விசிறியைக் குறை கூறுமுன் மோட்டார் மாட்டியிருக்கும் உயரத்தையும் பார்த்துவிடுவது நன்று. விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்கட்டும். மிக மேலே இருந்தால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே இரையும். கீழே போனால் நீரின் தடை மிகும்.

பாக்கு நீரிணையின் ஆழம் குறைவு, கடற்புல்லும் உண்டு. அலுமினிய விசிறி இடித்தால் வளையும். அரத்தால் ராவிச் சீராக்கலாம். எஃகு விசிறி எளிதில் வளைவதில்லை. ஆனால் அந்த இடி பற்சக்கரத்துக்குச் செல்லும். அங்குள்ள கரைக்கு அலுமினியமே போதும் என்பது நம் கருத்து. வாரம் ஒருமுறை விசிறியைக் கழற்றி, அதன் பின்னே நைலான் நூல் சுற்றியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். நூல் ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டால் உப்புநீர் உள்ளே புகும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதுவே அடையாளம். அன்று படகைக் கடலுக்கு அனுப்பலாகாது.

புதிய விசிறி வாங்கியபின் பழையதை விற்றுவிட வேண்டாம். சில சிறு மோட்டார்களில் விசிறியைப் பிடித்திருக்கும் பின் ஒன்று உண்டு. இடித்தால் அது முறிந்து பற்சக்கரத்தைக் காக்கும். அத்தகைய பின்கள் இரண்டும், பழைய விசிறியும், ஒரு ஸ்பேனரும், இவற்றோடு துடுப்பும் எந்நாளும் படகிலேயே இருக்கட்டும்.