கவச உடைக்கு மேல் ஒரு முகம்

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். ஜொகூர் கடற்பாலம் வெறிச்சோடியது. சிங்கப்பூரில் வேலை செய்த பலர் பல மாதங்கள் தங்கள் பிள்ளைகளைக் கைப்பேசியில்தான் பார்த்தார்கள்.

மாணவர்களே, ஒரு முகப்படம் ஏன் அவ்வளவு ஆறுதல் தருகிறது? நம் மூளையின் அடிப்பக்கத்தில், முகங்களைப் பார்க்கும்போது மிகுதியாகச் செயல்படும் ஒரு பகுதி உண்டு. 1997இல் நான்சி கான்விஷர் குழுவினர் அதை ஸ்கேன் மூலம் விளக்கினர்.

2015இல் லைபீரியாவில் எபோலா நோயாளிகளைக் கவனித்தவர்கள் முகம் மறைக்கும் கவச உடையில் இருந்தார்கள். அமெரிக்கக் கலைஞர் மேரி பெத் ஹெஃபர்னன் அவர்களின் சிரித்த முகங்களைப் படமெடுத்து, ஒட்டும் தாளில் அச்சிட்டு, உடையின் மேல் ஒட்டச் செய்தார். கோவிட் காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவும் இதைப் பின்பற்றின.

படம் கிருமியைக் கொல்லாது. அதற்கு மருந்து வேண்டும். ஆனால் பயந்து படுத்திருப்பவருக்கு, தன்னைத் தொடுவது ஒரு மனிதர் என்று தெரிய வேண்டும். அதுவும் சிகிச்சையில் ஒரு பங்கு என்பதே என் கருத்து.

செல்ஃபி நூறு எடுக்கிறோம். இந்த விடுமுறையில் பாட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுங்கள். சிரிக்கும்போது ஒரு படம் எடுங்கள். அதை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள்.