வீட்டுக்குள் எதற்குப் பள்ளி மணி?



பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் நம் பினாங்கிலும் இருக்கிறார்கள், மிகச் சிலரே. "ஐந்தரைக்கு எழுப்புங்கள், ஏழரைக்குப் பாடத்தைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவோரோ மிகப் பலர். என் சக ஆசிரியர்களும் அதில் அடக்கம். இந்த அறிவுரை அடிப்படையிலேயே பிழையானது. ஏற்கெனவே களைத்திருக்கும் பெற்றோரின் தலையில் ஏற்றப்படும் வீண் சுமை இது.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். பினாங்கு ஏறத்தாழ 100.3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சூரியனைக் கொண்டு கணக்கிட்டால் கிரீன்விச்சைவிட நாம் 6 மணி 41 நிமிடம் முன்னே இருக்கவேண்டும். இருப்பதோ 8 மணி நேரம் முன்னே! 1981 இறுதிவரை இது ஏழரை மணி நேரமாக இருந்தது. சபா, சரவாக்குடன் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக, 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டன. (ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கு நடப்பில் இருந்ததாம். அதற்கு இது எவ்வளவோ மேல்.) ஆக, நம் கடிகாரம் சூரியனை 79 நிமிடம் முந்திக்கொண்டு ஓடுகிறது. சென்னையில் இந்த இடைவெளி ஏறக்குறைய 9 நிமிடந்தான். நம்முடைய காலை ஏழு மணி, சூரியக் கணக்கில் சென்னைக்காரரின் ஐந்து ஐம்பது. ஆண்டில் ஒரு நாள்கூட இங்கே ஏழு மணிக்கு முன் சூரியன் உதிப்பதில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் ஏழரையையும் தாண்டிவிடும்.

ஐயம் இருப்பவர்கள் ஆறரை மணிக்குச் சூலியா தெருவில் நின்று பார்க்கலாம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் வைகறைத் தொழுகை முடிந்திருக்கும். நாகூர் தர்கா இருக்கும் முனையில் தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். அந்த இருட்டில் அரைத் தூக்கத்தோடு வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்தாம் என் வகுப்பிலும் வந்து அமர்கிறார்கள். முதல் பாடவேளையில் அவர்கள் கண்களைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கு அந்த நேரம் தேவைப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. பெற்றோர் வேலைக்குப் போகவேண்டும், வேன் இரண்டு நடை போகவேண்டும், நண்பகல் வெயிலுக்கு முன் பாடங்கள் முடியவேண்டும். வீட்டில் பாடம் நடத்துகிறவருக்கு இவற்றுள் எது பொருந்தும்? வேனே வராத வீட்டில் வேனுக்குரிய பரபரப்பு எதற்கு?

தூக்கத்தின் கணக்கும் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்கே தூங்கியிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வரும் தகப்பனின் முகத்தை அந்தப் பிள்ளை எப்போது பார்ப்பது? அவர் வந்தபின் சோறு போட்டுப் பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கும் தாயே மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து ஆசிரியையாகவும் வேண்டுமாம்! அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"அக்காலத் திண்ணைப் பள்ளியில் விடியுமுன்பே பாடம் தொடங்கவில்லையா?" என்பார்கள். தொடங்கியது. அவர்கள் விளக்கு வைத்த சிறிது நேரத்திற்குள் உறங்கியவர்கள். அந்த இரவை நாம் தொலைத்துவிட்டோம். விடியலை மட்டும் பிடித்துத் தொங்குவதில் என்ன நியாயம்?

ஆகவே, வீட்டில் கற்பிக்கும் பெற்றோரே, பிள்ளை தானாக விழிக்கட்டும். நீங்கள் உங்கள் காப்பியைச் சூடு ஆறுமுன் உட்கார்ந்து குடியுங்கள். பசியாறிய பின் ஒரு கதையை உரக்கப் படியுங்கள். கணக்கும் இலக்கணமும் ஒன்பது மணிக்குமேல் வரட்டும். மறுநாளுக்குரிய புத்தகத்தை முதல்நாள் மாலையே மேசையில் எடுத்துவைத்தால், காலையில் தேடும் கூச்சலும் அடங்கும். (தமிழை மட்டும் கடைசிப் பாடமாகத் தள்ளிவிடாதீர்கள். அது வேறு வழக்கு; இன்னொரு நாள் பேசலாம்.)

"பின்னாளில் பள்ளிக்குப் போனால் எப்படிச் சமாளிக்கும்?" என்ற கேள்வி எஞ்சுகிறது. பாலர் பள்ளியின் சாவகாசத்திலிருந்து வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்றே வாரங்களில் மணிக்குப் பழகிவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த மூன்று வாரப் பழக்கத்திற்காக ஆறு ஆண்டுகள் ஒத்திகை பார்க்க வேண்டுமா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும்.