ஹோட்டல் ஊழியரின் மனநிறைவு

யாழ்ப்பாணத்திற்கு 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. இவற்றோடு குடாநாட்டில் ஹோட்டல்களும் பெருகின. ஆயின், பயிற்சி பெற்ற இளைஞர்கள் நிலைத்து நிற்கிறார்களில்லை என்பதே இன்று நாம் கேட்கும் முறைப்பாடு. 2022 இன் பொருளாதார நெருக்கடியோடு மாலைதீவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றோர் பலர்.

சம்பளம் முதற் காரணம்தான். ஆனால் முழுக் காரணமன்று. நல்ல சம்பளம் மனக்குறையைத் தவிர்க்குமேயன்றி ஊக்கத்தைத் தராது, செய்த வேலையின் நிறைவும் பாராட்டும் பொறுப்பும் முன்னேற்றமுமே உள்ளிருந்து இயக்குவன என்று அமெரிக்க உளவியலாளர் பிரெட்ரிக் ஹேர்ஸ்பேர்க் 1959 இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது பொறியியலாளரையும் கணக்காளரையும்; கோப்பை கழுவுபவரை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரச உத்தியோகமே உத்தியோகம் என எண்ணும் எமது சமூகத்தில் ஹோட்டல் வேலை கல்யாணப் பேச்சிலும் மறைக்கப்படுகிறது. விருந்தினரிற் பலர் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் எம்மவரே. வெள்ளைக்காரருக்கு நன்றி கூறும் வாய், ஊர்ப் பையனை "டேய்" என்று அழைக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அறைகள் நிரம்பி வழிய, தேர் பார்க்க அரை நாள் விடுமுறையும் அவனுக்கு அரிது. நோன்புடன் மதிய உணவு பரிமாறும் முஸ்லிம் ஊழியருக்கு மஃரிப் நேரத்தில் கால்மணி ஓய்வு தருவதால் எந்த முதலாளியும் நட்டப்படப்போவதில்லை. 1990 இல் வெளியேற்றப்பட்டு மீளக்குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டுமாயின் இத்தகைய சிறு மரியாதைகள் முக்கியமானவை.

பற்றுச்சீட்டில் 10 வீத சேவைக் கட்டணம் அறவிடும் ஹோட்டல்கள், மாதமுடிவில் சேர்ந்த தொகையையும் அதன் பங்கீட்டையும் அறிவித்தற் பலகையில் இடட்டும். சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 வீதம் சட்டக் கடமை. அதனைச் சலுகைபோல் பேசுவது தகாது. மேற்பார்வைப் பதவிகளுக்குக் கொழும்பிலிருந்து ஆள் தேடுமுன், ஐந்தாறு வருடம் சமையலறையில் நின்றவரை ஒருமுறை அழைத்துப் பேசிப் பார்க்கலாமே.